பிதற்றல் தரும் எச்சரிக்கை!
உயிரின் அபாயத்தை அளக்கும் 15 மார்க்

காய்ச்சலில் கிடக்கும் முதியவர் திடீரென்று பிதற்றுகிறார். பெற்ற மகனையே "நீ யார்?" என்று கேட்கிறார். "காய்ச்சல் வேகம், தூங்கினால் சரியாகும்" என்று வீட்டார் இருந்து விடுகிறார்கள்.

இது ஆபத்து!

நுரையீரலிலோ, சிறுநீர்ப் பையிலோ, புண்ணிலோ கிருமி புகுந்தால் உடல் அதை எதிர்த்துப் போராடும். சில சமயம் அந்தப் போராட்டம் எல்லை மீறி, சொந்த உறுப்புகளையே கெடுத்து விடும். இதற்கு "செப்சிஸ்" என்று பெயர். கிருமி மூளைக்குள் புகாவிட்டாலும் மூளை தடுமாறும்.

மூளையின் நிலையை அறிய டாக்டர்கள் மார்க் போடுகிறார்கள். 1974-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர டாக்டர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் வகுத்த முறை இது. தானாகக் கண் திறந்தால் 4 மார்க். தெளிவாகப் பேசினால் 5. சொன்னபடி கை, கால் அசைத்தால் 6. மொத்தம் 15.

மார்க் குறைந்தால் அபாயம் கூடும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வில், 15 மார்க் பெற்ற செப்சிஸ் நோயாளிகளில் 100-க்கு 16 பேர் இறந்தார்கள். 9 முதல் 12 வரை பெற்றவர்களில் 50 பேர். 8-ம் அதற்குக் கீழும் என்றால் 63 பேர்!

ஆனால், அந்த நிலையிலும் 100-க்கு 37 பேர் பிழைத்தார்களே! மார்க் தலைவிதி அல்ல, எச்சரிக்கை மணி.

ஆகவே பிதற்றல், ஓயாத மயக்கத் தூக்கம், வேகமான மூச்சு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் செப்சிஸ் வரலாம். "நேற்று வரை தெளிவாகப் பேசினார்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது உங்களுக்குத்தான் தெரியும்!