கடக்நாத்: கறுப்பாக இருந்தால் மட்டும் போதுமா?

மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா வட்டாரப் பழங்குடியினர் வளர்த்துவந்த இக்கோழிக்குக் கொண்டை, நாக்கு, எலும்பை மூடிய சவ்வுவரை கறுப்பு. முட்டை மட்டும் வெளிர் பழுப்பு. 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தபின் ஊரெங்கும் பண்ணைகள் வந்துவிட்டனவே, இனியும் இதைக் காப்பானேன் என்று கேட்கலாம். எண்ணிக்கை வேறு, இனத்தூய்மை வேறு. இந்தக் கறுப்பு ஓங்கு பண்பு. கலப்பில் பிறந்த குஞ்சும் கறுத்திருக்கலாம். ஆகவே நிறத்தை நம்பாமல் வம்சப் பதிவு வைத்தே தீரவேண்டும். ஒரே ஜோடியைக் கூண்டில் காட்டுவதும் காப்பாகாது. நெருங்கிய உறவுக்குள் இணைசேர்த்தால் பொரிப்புத்திறன் சரியும். வெள்ளை லெகார்ன் என்ற முட்டைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைவரை இடும், கடக்நாத் அதில் பாதிகூட இடாது என்பது மெய்யே. ஆனால் லெகார்னின் கணக்கு விலைகொடுத்து வாங்கும் தீவனத்தில் நிற்கிறது. கடக்நாத் கொல்லையில் கிளறிப் பெரும்பாலான இரையைத் தானே தேடிக்கொள்ளும்.