பானைக்கு முன்னே கண் பொங்குது! செவ்வாய்ப் பொங்கல் புகையில் என்ன இருக்கு?

நாட்டரசன்கோட்டை,–

தைப்பொங்கல் கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை, கண்ணுடைய நாயகி அம்மன் கோவில் முன்பு நகரத்தார் குடும்பங்கள் நூற்றுக்கணக்கான அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். கண் நோய் தீர்ப்பவள் சன்னதியிலேயே கண்ணெல்லாம் எரிச்சல்!

குற்றவாளி ஈர விறகு. ஈரத்தை ஆவியாக்கவே சூடு செலவாகிறது. விறகு முழுசா எரியாது. அப்போது கிளம்பும் 'அக்ரோலின்' போன்ற வாயுக்கள்தான் கண்ணைக் கரிக்கின்றன. கூடவே, தலைமுடிக் கனத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கே உள்ள நுண்தூள் நுரையீரலின் அடி வரை போகும். ஆஸ்துமாக்காரர்கள் புகை போகும் பக்கம் நிற்கக்கூடாது.

இன்னொரு ஆசாமி கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். கோவில் வாசலில் காற்று அதை அடித்துப் போய்விடும். மார்கழி, தைக் குளிருக்கு மிச்சத் தணலைச் சட்டியில் அள்ளி, கதவைச் சாத்திய அறையில் வைத்துப் படுத்தால்? தூக்கத்திலேயே உயிர் போகும்!