ஏட்டுப் பூவும் வீட்டுப் பூவும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களை அடுக்கிக் கூறுகின்றது. வண்டினங்களைக் குறிக்கச் சுரும்பு, ஞிமிறு, தும்பி எனப் பல சொற்களைப் பண்டைத் தமிழர் வழங்கினர். இவற்றையெல்லாம் நாம் பொருள் கூறிக் கற்பிக்கின்றோம். ஆயினும், தும்பைத் திணைக்கு விளக்கம் எழுதும் மாணவர் பலர், மழைக்குப்பின் வேலியோரத்தில் வெண்மையாய்ப் பூத்து நிற்கும் தும்பையை அடையாளம் காண மாட்டார். சொல் நிலைத்துப் பொருள் மறையுமாயின் அக்கல்வி பாதிக் கல்வியே ஆகும். மீதிப் பாதியை மண்ணில்தான் கற்பிக்க வேண்டும்.

ஒரு பூவின் மகரந்தம் மற்றொரு பூவின் சூல்முடியைச் சென்றடைவதே அயல் மகரந்தச் சேர்க்கை. உலகின் முதன்மையான 115 உணவுப் பயிர்களுள் 87 பயிர்கள், சிறிதளவேனும் இவ்வுயிர்களின் உதவியால் விளைகின்றன என்பது 2007-இல் வெளிவந்த ஆய்வு முடிவு.

இதனை மாணவர் கண்ணால் காண மூன்று செடிகள் போதும்.

முதலாவது ஆவாரை. இப்பூவில் தேன் இல்லை. மகரந்தப் பையின் நுனியில் சிறு துளை மட்டுமே உண்டு. மரத்தைத் துளைத்துக் கூடமைக்கும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்ய, மகரந்தம் உதிர்கின்றது. செவி கொடுத்தால் அந்த ரீங்காரம் கேட்கும்.

இரண்டாவது எருக்கு. இதன் மகரந்தம் தூளாக இராது. சிறு பொதிகளாய் வண்டின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்லும். வெந்தய வரியன் என்னும் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு எருக்கிலையே உணவு. இலை அரிக்கப்படுகிறதே என மருந்து தெளிப்பவர், நாளைய பட்டாம்பூச்சியை அழிக்கின்றார்.

மூன்றாவது பாகல். பெண்பூவின் அடியில் சிறு பிஞ்சு காணப்படும். மலர்வதற்கு முதல்நாள் மாலையில் ஒரு பெண் மொட்டை மெல்லிய மல் துணியால் கட்டி, மற்றொன்றைத் திறந்தே விடுக. பூ வாடியபின் துணியை அவிழ்க்கலாம். சில நாட்களில் கட்டிய பூவின் பிஞ்சு மஞ்சளித்து உதிரும். தேனீ வந்த பூ காயாகும். வண்டின் உழைப்பு யாதென ஒரு மாணவர்க்கு உணர்த்த இதனினும் சிறந்த பாடம் இல்லை.

வளர்ப்புத் தேனீ மட்டும் இருந்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். 1990-களின் தொடக்கத்தில் ஒரு நச்சுயிரி நோய் பரவித் தென்னிந்தியாவில் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. ஓரினத்தை மட்டும் நம்பியிருத்தல் தகாது என்பதற்கு அதுவே சான்று. காட்டு வண்டுகள் வாழக் காட்டுச் செடிகள் வேண்டும்.

சமுதாயப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். திருக்குர்ஆனின் 16-ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரையே தாங்கியுள்ளது. நம் மையவாடிகளிலும் பள்ளி வளாகங்களிலும் தும்பையும் ஆவாரையும் இருப்பின், களைக்கொல்லி தெளித்து அவற்றை அழிக்காதீர்கள். பாதைகளை மட்டும் செப்பனிட்டு, ஒரு மூலையையேனும் அவற்றுக்கு விட்டுவையுங்கள். நம் மாணவர்க்கு அதுவே திறந்த நூலகம்.