ஒலிப்பதிவைப் பின்பற்றி ஆங்கிலம் பேசப் பழகுதல்

ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதக் கற்ற பட்டதாரிகளில் பலர், அதே மொழியில் நான்கு வாக்கியங்கள் பேச நேரும்போது தயங்கி நிற்பதை நேர்முகத் தேர்வுகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் காண்கிறோம். இவர்களுள் பெரும்பாலோர் தம் குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரியை எட்டியவர்கள். 2011 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி நமது நாட்டில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 2.6 லட்சம் பேரே. இரண்டாம் மொழியாக அதனை அறிந்தோர் சுமார் 8.3 கோடி; மூன்றாம் மொழியாக அறிந்தோர் சுமார் 4.6 கோடி. ஆகவே, இந்தியாவில் ஆங்கிலம் தாயிடமிருந்து கேட்டுக் கற்கப்படும் மொழியன்று; புத்தகத்திலிருந்து கண்ணால் கற்கப்படும் மொழியாகும்.

இதன் பொருளாதார விளைவு சிறிதன்று. 2005 ஆம் ஆண்டின் இந்திய மனித மேம்பாட்டு மாதிரி ஆய்வுத் தரவுகளை மெஹ்தாபுல் அசாம், ஏமி சின், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியலறிஞர்கள் ஆராய்ந்தனர். கல்வி, வயது, சமூகப் பிரிவு ஆகியவற்றைக் கணக்கிலெடுத்த பின்னரும், ஆங்கிலத்தில் சரளமாக உரையாடும் ஆண்களின் மணிநேர ஊதியம் அறவே பேசத் தெரியாதவர்களுடையதை விட 34 விழுக்காடு கூடுதலாக இருந்ததென்றும், சிறிதளவு உரையாடுவோருக்கு இக்கூடுதல் 13 விழுக்காடு என்றும் அவர்கள் கண்டனர். அந்த மாதிரி ஆய்வில் கேட்கப்பட்டது உரையாடும் திறனைப் பற்றியே என்பது குறிப்பிடத்தக்கது.

கேட்டுப் பழகும் வாய்ப்பு வீட்டில் அமையாத மாணவருக்கு, ஒலிப்பதிவான பேச்சைக் கேட்டு உடனுக்குடன் திருப்பிச் சொல்லும் பயிற்சி பெரிதும் துணை செய்யக்கூடும். ஆயின், அப்பயிற்சி எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிந்து மேற்கொள்ளல் வேண்டும்.

கண்ணால் கற்றதன் குறை

நமது மொழிகளில் அசைகள் பெரும்பாலும் ஒத்த அளவில் ஒலிக்கின்றன. ஆங்கிலத்திலோ ஒரு சொல்லில் ஓர் அசை அழுத்தம் பெற, ஏனையவை தேய்ந்து ஒலிக்கும். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதலசைக்கும், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்கும், ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாம் அசைக்கும் அழுத்தம் விழுகிறது. நாள்தோறும் அலுவலகங்களில் வழங்கும் ‘டெவலப்மென்ட்’, ‘கமிட்டி’, ‘டிபார்ட்மென்ட்’ ஆகிய மூன்று சொற்களிலும் அழுத்தம் இரண்டாம் அசைக்குரியது. நம்மில் பலர் முதலசையையே அழுத்துகிறோம். அச்செழுத்தில் இந்த அழுத்தத்திற்குக் குறியில்லை. அகராதியைப் பார்த்து அறியலாம் என்றாலும், வாய் பழகுவது செவி வழியேதான்.

ஐதராபாத்தில் 1958 இல் நிறுவப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம் (2007 முதல் ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம்) இத்துறையில் நல்ல பணி ஆற்றியுள்ளது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த ஆர்.கே. பன்சால் 1969 இல் வெளியிட்ட ஆய்வில், படித்த இந்தியரின் ஆங்கிலப் பேச்சைப் பிற நாட்டினர் எவ்வளவு புரிந்துகொள்கின்றனர் என்று அளந்தார். பிரிட்டிஷ் செவிகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ 70 விழுக்காடே புரிந்தது. புரியாமைக்கு அவர் சுட்டிய காரணங்களுள் அழுத்தம் இடம் மாறுதல் முக்கியமானது. பஞ்சாபில் ‘ஸ்கூல்’ என்பது ‘சகூல்’ ஆவதும், உத்தரப் பிரதேசத்தில் ‘இஸ்கூல்’ ஆவதும் நகைப்புக்கு இடமாகின்றனவேயன்றிப் பொருளை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. நாம் நகைப்பதைத் திருத்த முயல்கிறோம், கெடுப்பதை விட்டுவிடுகிறோம்.

கிளிப்பிள்ளைப் பாடமா?

திருப்பிச் சொல்லுதல் பொருளறியாத வேலை என்பது பொதுவான எண்ணம். இது முற்றிலும் சரியன்று. காலின் செர்ரி 1953 இல் வெளியிட்ட சோதனைகளில், இரு காதுகளிலும் வெவ்வேறு பேச்சு ஒலிக்க, ஒன்றை மட்டும் உரக்கத் திருப்பிச் சொன்னவர்கள் மற்றக் காதில் ஒலித்ததன் பொருளை ஏறத்தாழ அறியவே இல்லை. கவனம் முழுவதையும் ஈர்க்கும் செயல் இது என்பது இதனால் விளங்கும். வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் 1973 இல், கேட்ட ஏறத்தாழக் கால் வினாடியில் பின்தொடர்ந்து பேச வல்ல சிலரை ஆராய்ந்தார். தாம் சொல்லிக்கொண்டிருந்ததன் இலக்கணத்தையும் பொருளையும் அவர்கள் அதே வேளையில் உணர்ந்திருந்தனர். எனவே புரியாத பகுதியைப் பின்பற்ற முயலும் மாணவர் இடறுவது இயல்பே. அவரது நாக்கைக் குறை கூறிப் பயனில்லை.

கருநாடக இசையிலும் வேத பாடத்திலும் குருவைப் பின்பற்றிச் சொல்வதே நம் நாட்டு மரபு. ஆனால் அங்கே குரு எதிரில் அமர்ந்து, பிழை நேர்ந்த அக்கணமே நிறுத்துகிறார். ஒலிப்பதிவு நிறுத்துவதில்லை. இதுவே இம்முறையின் பெருங்குறை. 1901 முதல் லிங்குவாஃபோன் நிறுவனம் விற்ற ஒலிப்பதிவுப் பாடங்களுக்கும், பின்னர் நம் கல்லூரிகளில் அமைந்த மொழி ஆய்வுக்கூடங்களுக்கும் இக்குறை இருந்தது. ஆய்வுக்கூடங்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு: அவற்றின் சாவி, ஆசிரியர் விடுப்பில் சென்றால் அவருடனேயே சென்றுவிடும்.

வாக்கியங்களைத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பதால் மட்டும் பேச்சு வராது என்பதும் அறியப்பட்டதே. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர்த் திட்டம் என்று பெயர் பெற்ற முயற்சியை நடத்தினார். நிலப்படம், ரயில் கால அட்டவணை போன்றவற்றை வைத்து மாணவர் சிந்தித்து விடை காணும் பணிகளின் வழியே அவர் ஆங்கிலம் கற்பித்தார். சொந்தமாக வாக்கியம் அமைக்கும் ஆற்றல் பொருளை நாடும் முயற்சியில்தான் வளரும் என்பது அவர் கருத்து. அதனை ஏற்கத்தான் வேண்டும். பின்பற்றிப் பேசுதல் செவியையும் நாவையும் தாளத்தையும் பழக்கும். சொல்ல வேண்டிய கருத்தை அது தராது.

பயிலும் விதம்

ஒரு நிமிட அளவுள்ள, எழுத்து வடிவமும் உடன் உள்ள பதிவே தொடக்கத்திற்குப் போதும். முதலில் எழுத்தைப் பாராமல் இருமுறை கேட்க வேண்டும். பின்னர் எழுத்தைப் படித்துப் பொருளை ஐயமறத் தெளிந்து, பதிவைக் கேட்டவாறே அழுத்தம் விழும் அசைகளைப் பென்சிலால் கோடிட வேண்டும். அதன் பிறகு சொற்றொடர் தோறும் நிறுத்தித் திருப்பிச் சொல்லலாம். தடுமாற்றம் நீங்கியபின், நிறுத்தாமல் ஒலிப்பதிவுக்குச் சற்றே பின்னாகத் தொடரலாம். அடுத்துத் தம் குரலைப் பதிந்து மூலத்துடன் ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். தம் குரலைத் தாமே கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் இதனைத் தவிர்க்கின்றனர். ஆசிரியர் இல்லாத இடத்தை ஓரளவேனும் நிரப்புவது இந்த ஒப்பீடுதான். இறுதியாக, எழுத்தையும் பதிவையும் மூடிவிட்டு, அதே செய்தியைத் தம் சொற்களில் ஒரு நிமிடம் கூற வேண்டும். இது இல்லாவிடில் முன் செய்ததெல்லாம் ஒப்புவித்தலாகவே நின்றுவிடும்.

யாருடைய குரலைப் பின்பற்றுவது? இலண்டன் அல்லது நியூயார்க் உச்சரிப்பை நாடுவதில் இந்திய மாணவருக்குப் பெரும் பயன் இருப்பதாக நான் கருதவில்லை. அவர் நாளை பேசப் போவது பெரும்பாலும் நாக்பூரிலும் கௌகாத்தியிலும் உள்ளவர்களோடு. தெளிவான இந்திய ஆங்கிலத்திற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1948 இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை வானொலியில் வருணித்த மெல்வில் டி மெல்லோவின் குரல் ஒரு தலைமுறைக்கே பாடமாக இருந்தது. ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்திகள் இன்றும் இதற்கு ஏற்றவை. செய்தி வேகமாக இருப்பின், கைப்பேசியிலேயே வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம். மிகக் குறைத்தால் தாளம் சிதைந்துவிடும்.

பயிற்சி நிறுவனங்களின் நிதி ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கும் அலுவலர்கள் ஒன்றைக் கருத வேண்டும். ஒலிப்பதிவுக் கருவி இன்று பெரும்பாலான மாணவர்களின் கையில் இருக்கிறது. அரிதாக இருப்பது, அவர்கள் பேசியதைக் கேட்டுப் பிழை சுட்டும் ஆசிரியரின் நேரம். 30 பேர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் வாரத்திற்கு ஒரு நிமிடப் பதிவை அளித்தால், கேட்பதற்கு அரைமணியும், குறிப்பு எழுத மேலும் ஒரு மணியும் தேவைப்படலாம். இந்த ஒன்றரை மணி நேரத்தை ஆசிரியரின் பணிநேரக் கணக்கில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு, குளிரூட்டிய கூடமும் புதிய கருவிகளும் அமைக்க ஆவதை விடக் குறைவு. கைப்பேசி இல்லாத சிலருக்குக் கல்லூரியே ஒன்றிரண்டு கருவிகளை நூலகத்தில் வைத்து, புத்தகம் தருவது போலவே வீட்டிற்கு எடுத்துச்செல்லவும் தரலாம்.