அளவுகள் காணாமல் போன திங்கட்கிழமை

2023ஆம் ஆண்டு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. திங்கட்கிழமை காலை அம்மா கிள்ளானிலிருந்து கூப்பிட்டார். “தம்பி, அளவெல்லாம் போச்சு. ரெண்டு லேப்டாப்லயும் அந்த ஃபோல்டரே இல்லப்பா!”

அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களின் ரவிக்கை, பஞ்சாபி உடை அளவுகள் எல்லாம் கடையிலுள்ள பழைய கணினி ஒன்றில் இருக்கின்றன. அதில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். ‘சம்பா’ என்ற மென்பொருள் வழியாக இரண்டு மடிக்கணினிகளும் அந்தக் கோப்புறையைத் திறக்கும். அதை அமைத்துக் கொடுத்தவன் நான்தான். முந்தின இரவு கெடுத்தவனும் நான்தான்.

உபுண்டு 18.04 பதிப்பின் ஐந்தாண்டு இலவச ஆதரவு அந்த ஆண்டு மே மாதத்தோடு முடிந்திருந்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, ஒருவழியாக ஞாயிறு இரவு 20.04க்கு மாற்றினேன். பாதியில் திரை ஒரு கேள்வி கேட்டது. சம்பாவின் அமைப்புக் கோப்பை நீங்கள் திருத்தியிருக்கிறீர்கள், புதிய கோப்பு ஒன்றும் வந்திருக்கிறது, எது வேண்டும்? புதியதுதானே நல்லது என்று அதைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மென்பொருள் வேறு, அதன் அமைப்புக் கோப்பு வேறு. முன்னதைச் செய்தவர்கள் தாராளமாக மாற்றலாம். பின்னதில் இருப்பது நாம் எழுதிய வரிகள். லினக்ஸ் அவற்றைப் பெரும்பாலும் ‘இடிசி’ என்ற கோப்புறையில் வைக்கும். நாம் தொடாத கோப்பை உபுண்டு கேட்காமலே புதுப்பிக்கும். நாமும் திருத்தி, அவர்களும் திருத்தியிருந்தால்தான் அந்தக் கேள்வி வரும். சந்தேகம் இருந்தால் ‘பழையதை வைத்துக்கொள்’ என்பதே பாதுகாப்பு. அதைவிட, ‘வேறுபாட்டைக் காட்டு’ என்ற தேர்வை முதலில் அழுத்திப் பார்ப்பது நல்லது. நான் செய்யாதது அதைத்தான்.

அரை நாள் விடுப்பு போட்டுக் கிள்ளானுக்கு ஓடினேன். அளவுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவற்றைக் காட்டும் வரிகள்தான் போயிருந்தன. என் பழைய அமைப்புக் கோப்பும் புதியதன் பக்கத்திலேயே, ‘யுசிஎஃப்-ஓல்ட்’ என்ற வாலோடு கிடந்தது. வேறு சில மென்பொருள்களில் அந்த வால் ‘டிபிகேஜி-ஓல்ட்’ என்றிருக்கும். ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் இப்படி நிறுத்திக் கேட்பதே இல்லை. ‘ஆர்பிஎம்-நியூ’, ‘பேக்-நியூ’ என்ற வாலோடு புதிய கோப்பு சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்திருக்கும். தேடிப் பார்ப்பது நம் வேலை.

பழையதை அப்படியே திருப்பி வைத்தால் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒப்பிட்டுப் பார்த்தபோது, அதிலிருந்த ‘சிஸ்லாக்’ வரி வழக்கொழிந்துவிட்டது தெரிந்தது. புதியதில் அதற்குப் பதில் ‘லாகிங்’ என்ற வரி. ஆகவே கடைக் கோப்புறைக்கான சில வரிகளை மட்டும் புதிய கோப்புக்கு மாற்றினேன். ‘டெஸ்ட்பார்ம்’ கட்டளையால் பிழை இல்லையென்று சரிபார்த்து, சம்பாவை மறுபடி தொடக்கினேன். கோப்புறை திரும்ப வந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் தேநீர் கலக்கப் போனார்.

இப்போது அந்தக் கணினியில் ‘இடிசிகீப்பர்’ இருக்கிறது. ஒவ்வொரு புதுப்பிப்புக்கு முன்னும் பின்னும் ‘இடிசி’ கோப்புறையில் மாறியதை அது பதிந்து வைக்கிறது. தீபாவளி நெருங்கினால் நான் எதையும் புதுப்பிப்பதில்லை, அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர. அம்மா மட்டும் அன்றிலிருந்து அளவுகளை நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வைக்கிறார்.