இது வேற டி.டி.பி.!
(இரண்டாமாண்டு, எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு)

டி.டி.பி. என்றதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற சென்டர்தான் உங்க ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது 'டிஸ்க் டிஸ்க்ரிப்ஷன் புரோட்டகால்'. சி.டி. பிரதி எடுக்கும் ஆலைக்கு மாஸ்டரைக் கொடுக்கும் ஃபைல் முறை. அமெரிக்காவின் டக் கார்சன் அண்ட் அசோசியேட்ஸ் உருவாக்கியது.

சி.டி. காலம் போச்சே என்பீர்கள். எங்கப்பா கூத்து ஜமாவில் ஆர்மோனியம். திருவிழாக் கூட்டத்தில் கையில் கொடுத்துக் காசு வாங்க இன்னும் சி.டி.தான் அவர்களுக்கு வசதி. எங்க வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிக்கிற பையன், அவன் பாத்துக்குவான்" என்று 'கர்ண மோட்சம்' ரெக்கார்டிங்கை என்னிடம் தந்துவிட்டார்கள். 72 நிமிடம். 9 டிராக்காகப் பிரித்து ஒரு சி.டி.யில் எழுதி அனுப்பினேன். 500 பிரதி வந்தது. போட்டுக் கேட்டால், கர்ணன் அம்பு பட்டு விழுந்து பாடும் இடத்தில் சத்தம் நின்று, இரண்டு விநாடி கழித்துத் தொடர்கிறது!

"உயிர் போறதுக்குள்ள நீயே நிறுத்திட்டியேடா" என்றார் அப்பா. அத்தனையும் ஜமா ஆளுங்க கைக்காசு.

தப்பு என்னுடையதுதான். நான் எழுதியது 'டிராக் அட் ஒன்ஸ்' முறையில். அதில் ஒவ்வொரு டிராக் முடிவிலும் லேசர் நின்று மறுபடி தொடங்கும். நடுவில் 2 விநாடி மௌனம் விழும். ஆலை உள்ளதை உள்ளபடி பிரதி எடுத்தது.

சரி, ஐ.எஸ்.ஓ. ஃபைலாக அனுப்பலாமா? கூடாது. அது கம்ப்யூட்டர் ஃபைல்கள் உள்ள டிஸ்க்குக்கு. செக்டாருக்கு 2048 பைட். ஆடியோ சி.டி.யில் 2352 பைட், விநாடிக்கு 75 செக்டார். வெறும் வேவ் ஃபைல்களை அனுப்பினால் வரிசையும் இடைவெளியும் வேறொருவர் கையில்!

டி.டி.பி. என்பது ஒரே ஃபைல் அல்ல, ஒரு ஃபோல்டர். டி.டி.பி.ஐ.டி. என்பது அடையாள அட்டை. டி.டி.பி.எம்.எஸ். எந்த ஃபைல் எதற்கு என்று சொல்லும். ஒலி முழுவதும் ஒரே நீளமாக ஒரு இமேஜ் ஃபைலில் இருக்கும். என் 72 நிமிடத்துக்கு 76 கோடி பைட்டுக்கு மேல். எந்த டிராக் எங்கே ஆரம்பம் என்பது தனியாக பி.க்யூ. ஃபைலில், விநாடியில் 75-ல் ஒரு பங்கு வரை துல்லியமாக. ஒலியை வெட்டவே வேண்டாம், குறி வைத்தால் போதும்! கூடவே எம்.டி.5 கணக்கும் அனுப்பினால், வழியில் ஒரு பைட் கெட்டாலும் ஆலைக்காரர் கண்டுபிடித்துவிடுவார். எழுதின சி.டி.யில் கீறல் விழுந்தால் இந்த வசதி ஏது?

டி.டி.பி.யைத் திறந்து கேட்கும் சாஃப்ட்வேரும் உண்டு. இந்தத் தடவை அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, டிராக் மாறும் எட்டு இடத்தையும் கேட்டோம். எட்டாவதில் தலையாட்டினார். ஃபோல்டர் ரெடி. ஜமாக் கடன் அடைந்ததும் அனுப்ப வேண்டும்.