குழாய்க்குச் சட்டம் வழிவிடுகிறது, படிவம்தான் போவதில்லை

மலைக் கிராமங்களில் குடிநீர்த் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. ஒப்பந்ததாரர் குழாய்ச் சுருள்களை இறக்கி, பொக்லைன் வைத்துப் பள்ளமும் தோண்டிவிடுவார். காப்புக்காட்டு எல்லையைத் தொட்டதும் வனக்காப்பாளர் வந்து வண்டியை நிறுத்துவார். ஊரார் வனத்துறையைத் திட்ட, வனத்துறை சட்டத்தைக் காட்டும். அடுத்த கோடையிலும் பெண்கள் ஊற்றுக்குத்தான் குடம் சுமப்பார்கள்.

அப்போது காட்டப்படுவது 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம். அந்த வழியில் போனால் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்து, மத்திய அரசின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். சிற்றூருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பிரிவு 3(2)இல் பள்ளி, அங்கன்வாடி, மின்கம்பி, சாலை என 13 வசதிகளைப் பட்டியலிடுகிறது. குடிநீர்க் குழாயும் அதில் உண்டு. 1980 சட்டம் என்ன சொன்னாலும் இவற்றுக்குக் காட்டு நிலம் தரலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் வன உரிமைப் பட்டா வழங்குவது முடங்கிக் கிடந்தது. 2016இல்தான் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதனாலோ என்னவோ, பல அலுவலகங்களில் இது இன்னும் வெறும் பட்டாச் சட்டம்தான்.

நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது. வசதியை அரசு நிர்வகிக்க வேண்டும். கிராம சபையின் பரிந்துரை வேண்டும். அரை மீட்டர் அகலப் பள்ளம் 2 கிலோமீட்டர் போனாலும் 0.1 ஹெக்டேர்தான். ஆகவே பரப்பளவு தடையாவது அபூர்வம். ஆனால் ஊர்ப் பெயரைச் சொல்லி ரிசார்ட்டுக்கோ எஸ்டேட்டுக்கோ குழாய் இழுக்க இந்தப் பிரிவு இடம் கொடுக்காது. அப்படி ஒரு குழாய் பிடிபட்டால், அதன்பின் அந்தச் சரகத்தில் உண்மையான ஊர்க் கோரிக்கையும் சந்தேகத்தோடுதான் பார்க்கப்படும்.

கோப்பு கவிழும் இடம் கிராம சபை. ஊராட்சி மன்றத் தீர்மானம் வேறு, கிராம சபைத் தீர்மானம் வேறு. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் கையெழுத்திட்ட தாளை எத்தனை முறை அனுப்பினாலும் அது திரும்பித்தான் வரும். வாக்காளர்கள் கூடிய சபையில் புல எண், குழாயின் நீளம், பள்ளத்தின் அகலம், வெட்ட வேண்டிய மரங்கள் ஆகியவற்றைச் சொல்லித் தீர்மானம் எழுதி, வந்தவர்களின் கையெழுத்தையும் சேர்க்க வேண்டும். அக்டோபர் 2, ஜனவரி 26 என்று நாள் பார்த்துக் காத்திருக்கவும் வேண்டாம். சிறப்புக் கிராம சபை கூட்டலாம்.

மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகம் 2009இல் வகுத்த நடைமுறைப்படி, வேலையைச் செய்யும் துறையோ ஊராட்சியோ ‘படிவம் ஏ’யை நிரப்பி, தீர்மானத்துடன் வனச்சரக அலுவலரிடம் தர வேண்டும். ஆட்சியரின் குறைதீர் நாள் மனுவால் இந்த வேலை நடக்காது. ரேஞ்சர் இடத்தைப் பார்த்து, ‘படிவம் பி’யில் கருத்தெழுதி மாவட்ட வன அலுவலருக்கு அனுப்புவார். அனுமதி தருபவர் அவர்தான். படிவம் கொடுத்த அன்றே தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள். ஒப்புகை இல்லாத கோப்பு ‘வரவே இல்லை’ என்று சொல்லப்படும்.

வரைபடத்திலேயே ஊற்றைக் காப்பாற்றிவிட வேண்டும். ஊற்றின் வாயையே அடைத்துத் தண்ணீர் முழுவதையும் இழுத்தால் கீழே ஓடை வறண்டு, விலங்குகள் ஊரைத் தேடி வரும். வழிந்தோடும் நீருக்கு இடம் விட்டு, குழாயை ஏற்கெனவே உள்ள பாதையோரம் புதைப்பதாகக் காட்டினால் ரேஞ்சர் மறுப்பதற்குக் காரணமும் குறையும். திறந்து கிடக்கும் பள்ளம் யானைக்குட்டிக்குப் பொறி. தோண்டிய அன்றே மூட வேண்டும்.

சரணாலயமாகவோ புலிகள் காப்பகமாகவோ இருந்தால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பிரிவு 29ஐ எழுப்புவார்கள். நீரோட்டத்தைத் திருப்புவதை அந்தப் பிரிவு கட்டுப்படுத்துகிறது. என்ன அனுமதி பாக்கி என்பதை எழுத்தில் கேளுங்கள். ‘மேலே கேட்டிருக்கிறோம்’ என்ற வாய்ப்பேச்சை நம்பி ஆண்டுகளை இழந்த ஊர்கள் உண்டு.

மாவட்ட வன அலுவலருக்கு உடன்பாடில்லை என்றால் கோப்பு ஆட்சியர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழுவுக்குப் போக வேண்டும். எதுவுமே நகரவில்லையா? 10 ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமை மனு போடுங்கள்: படிவம் பி எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது, கோப்பு இப்போது யார் மேசையில்? 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். ஆணை கையில் வரும்வரை பள்ளம் தோண்டாதீர்கள். முன்கூட்டித் தோண்டினால் வழக்கு பதிவாகும், அதோடு அனுமதிக் கோப்பும் படுத்துவிடும்.